கவுன்சிலரை விழாவுக்கு அழைக்கலாமா? குடியிருப்போர் நலச் சங்கங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையை அடுத்த புறநகர்ப் பகுதி ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளராக ஏழு ஆண்டுகள் இருந்தேன். பொறுப்பைக் கைமாற்றிய பிறகும், பொங்கலோ சுதந்திர தினமோ நெருங்கினால் பக்கத்துத் தெருச் சங்கங்களிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். மாநகராட்சி, நகராட்சி வார்டுகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். கிராம ஊராட்சியைப் பற்றி 14-ஆம் கேள்வியில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

1. கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவரில் யாருக்கு என்ன வேலை என்றே குழப்பமாக இருக்கிறது. யாரை அழைப்பது?

தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, உட்புறச் சாலை ஆகியவை உள்ளாட்சியின் வேலைகள். இவற்றுக்கு உங்கள் பிரதிநிதி வார்டு கவுன்சிலர். மாநகராட்சியில் அவரை மாமன்ற உறுப்பினர் என்றும் நகராட்சியில் நகர்மன்ற உறுப்பினர் என்றும் முறையாகக் குறிப்பிடுவார்கள். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி ரூபாயும் உண்டு. சமுதாயக் கூடம், பள்ளிக் கட்டடம், பேருந்து நிழற்குடை போன்றவற்றுக்கு அவர்களை அணுகலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கவுன்சிலர் நேரடியாக உத்தரவிட்டு ஒரு பல்பைக்கூட மாற்ற முடியாது. நிர்வாக அதிகாரம் ஆணையரிடமும், அவருக்குக் கீழே மண்டல அலுவலகத்திடமும், வார்டைப் பொறுத்தவரை உதவிப் பொறியாளரிடமும் இருக்கிறது. கவுன்சிலரால் மன்றக் கூட்டத்தில் பேச முடியும், தீர்மானத்துக்கு வாக்களிக்க முடியும், கோப்பு நகராதபோது அதிகாரியின் அறைக்குப் போய் உட்கார முடியும். இந்த மூன்றாவது வேலையைச் செய்கிற கவுன்சிலர் கிடைத்த வார்டு கொடுத்துவைத்தது. மின்தடைக்கு அவரைத் திட்டுவதில் பயனில்லை. அது மின்வாரியத்தின் வேலை.

2. எங்கள் சங்கப் பொங்கல் விழாவுக்கு அவரை அழைத்தே ஆக வேண்டுமா? அழைக்காவிட்டால் பகைத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

அழைத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒலிபெருக்கிக்கும், தெருவை மறித்துப் பந்தல் போடுவதற்கும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் கவுன்சிலரின் கையெழுத்துக்கு இடமே கிடையாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி, யார் மேடையில் இருந்தாலும் பொருந்தும்.

என் கருத்தைக் கேட்டால், வேலை இருக்கும் நிகழ்ச்சிக்கு அவரை அழையுங்கள். வெறும் கொண்டாட்டம் என்றால், அவர் பக்கத்து வீட்டுக்காரராக வந்து பொங்கல் சாப்பிட்டுப் போகட்டும். கோலப் போட்டிக்கும் உறியடிக்கும் மேடை வேண்டியதில்லை. ஆனால் தூர்வாரிய குளத்தைச் சுற்றி மரக்கன்று நடும் நாளில் அவர் அங்கே இருந்தால், அந்தக் கன்றுகளுக்கு மறுநாள் முதல் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதை எல்லார் முன்னிலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

3. அழைப்பது என்றால் எப்படி அழைப்பது? வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா?

சங்கத்தின் கடிதத்தாளில், செயலாளரும் தலைவரும் கையெழுத்திட்டு, இருவராக நேரில் போய்க் கொடுங்கள். நிகழ்ச்சியின் பெயர், இடம், நேரம் ஆகியவற்றோடு, அவரிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள். ‘பூங்காவின் நடைபாதை குறித்துப் பதினைந்து நிமிடம் குடியிருப்போரின் கேள்விகளுக்குப் பதிலளிக்க வேண்டும்’ என்று எழுதினால், அவர் கையில் ஒரு விவரத்தோடு வர வாய்ப்பு இருக்கிறது. ‘விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று மட்டும் எழுதினால் பொன்னாடைக்கு மட்டுமே வருவார்.

நேரத்தைப் பற்றி ஓர் அனுபவம். ஓராண்டு மாலை 6 மணி என்று அச்சடித்தோம். விருந்தினர் வந்தபோது மணி எட்டேகால். பாரதியார் வேடமிட்டிருந்த சிறுவன், ஒட்டுமீசை பாதி கழன்று தொங்க, அம்மாவின் மடியில் தூங்கிவிட்டான். அடுத்த ஆண்டு முதல் பரிசளிப்பைத் தெருவிலேயே மூத்த குடியிருப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். விருந்தினர் எப்போது வந்தாலும் அப்போது அவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். அதன் பிறகு ஒரு குழந்தையும் காத்திருக்கவில்லை.

4. அழைப்பிதழில் யார் பெயரை எங்கே போடுவது? போன முறை இதில்தான் சண்டை வந்தது.

எங்கும் இதில்தான் சண்டை வரும். தலைமை சங்கத் தலைவருக்கு, வரவேற்புரை செயலாளருக்கு, நன்றியுரை பொருளாளருக்கு. கவுன்சிலர் சிறப்பு விருந்தினர். இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘முன்னிலை’ என்று ஒரு வரியைத் திறந்துவிட்டால், வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், இளைஞரணி என்று அது அனுமார் வாலாக நீளும். கவுன்சிலர் வார்டு முழுமைக்கும் பிரதிநிதி என்ற வகையில் வருகிறார். கட்சிப் பொறுப்பாளர்கள் அப்படி இல்லை. எனவே பெயருக்குக் கீழே ‘மாமன்ற உறுப்பினர்’ என்றும் வார்டு எண்ணும் மட்டும் போதும், கட்சிப் பொறுப்பு வேண்டாம்.

எம்.எல்.ஏ.வும் வருகிறார் என்றால், அவர் பெயரை முதலிலும் கவுன்சிலர் பெயரை அடுத்தும் போடுவது வழக்கம். அச்சுக்குக் கொடுக்கும் முன் இருவர் அலுவலகத்துக்கும் மெய்ப்பை அனுப்பிவிடுங்கள். முன்னெழுத்தில் ஒரு பிழை போதும், ஆறு மாத உறவு கெடுவதற்கு.

5. பேனர் வைக்காமல் எப்படி? அவருடைய ஆட்களே வைத்துவிடுகிறார்களே!

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியின்றி வைக்கப்பட்டிருந்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற ஓர் இளம்பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். வைத்தது ஒரு குடும்ப விழாவுக்கான பேனர். சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, முக்கியக் கட்சிகளும் பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களுக்கு அறிவித்தன. அந்த அறிவிப்புகள் எத்தனை நாள் நீடித்தன என்பதை நம் தெருமுனைகளே சொல்லும்.

உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் பேனர் வைப்பது குற்றம். அழைப்புக் கடிதத்திலேயே ‘பேனர், கட்சிக் கொடி, பட்டாசு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டுகிறோம்’ என்று எழுதிவிடுங்கள். அதையும் மீறி வைத்தால், விழாவுக்கு முந்தைய இரவே கவுன்சிலரை நேரில் அழைத்துச் சொல்லி எடுக்கச் செய்யலாம். நாங்கள் இரண்டு முறை அப்படிச் செய்தோம், இரண்டு முறையும் எடுத்தார்கள். கயிற்றை அவிழ்த்தவர் முணுமுணுத்தது வேறு விஷயம்.

6. எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் எதற்கும் அவருடைய கணவர்தான் வருகிறார். அவரை மேடையில் உட்கார வைக்கலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் 2016-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வாக்குச்சீட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்கே அந்த நாற்காலி. கணவர் வந்தால் மரியாதையாக முன்வரிசையில் அமர வையுங்கள், காபி கொடுங்கள். மேடையிலும் ஒலிபெருக்கியிலும் அவருக்கு இடம் வேண்டாம்.

நடைமுறையில் ஒரு வழி உதவுகிறது. கடிதத்தைக் கவுன்சிலர் கையிலேயே கொடுங்கள், எதிர்பார்க்கும் நேரத்தை அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் பெண் உறுப்பினர்கள் போய் அழைத்தால் பெரும்பாலும் அவரே வருகிறார். எங்கள் பக்கத்து வார்டில் முதலிரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்த ஒருவர், இப்போது உதவிப் பொறியாளரிடம் வடிகாலின் ஆழத்தை அடிக்கணக்கில் கேட்கிறார்.

7. சுதந்திர தினத்தில் தேசியக் கொடியை ஏற்றுவது கவுன்சிலரின் உரிமையா?

இல்லை. 2002-ஆம் ஆண்டின் கொடி விதித் தொகுப்பின்படி, உரிய மரியாதையோடு குடிமகன் யாரும் ஏற்றலாம். தெருவின் துப்புரவுப் பணியாளரைக் கொண்டு ஏற்றிய சங்கங்களை எனக்குத் தெரியும். கவுன்சிலரும் அங்கே நின்று வணக்கம் செலுத்தினார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேசியக் கொடிக்கு மேலாகவோ அதற்கு இணையாகப் பக்கத்திலோ வேறு கொடி இருக்கக் கூடாது. விருந்தினரை வரவேற்க நட்ட கட்சிக் கொடிகளை அதற்கு முன்பே அகற்றிவிடுங்கள்.

8. விழாச் செலவுக்கு அவரிடம் நன்கொடை கேட்கலாமா? கேட்டால் தருவதாகச் சொல்கிறார்.

இதை யோசித்துச் செய்யுங்கள். 2023 ஜூலை முதல் மாநகராட்சி மாமன்ற உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் 25,000 ரூபாயைச் சட்டென்று எடுத்துத் தருபவர், அதை எங்கிருந்து தருகிறார்? சொந்தத் தொழில் இருக்கலாம். இல்லையென்றால் அந்தப் பணம், நாளை உங்கள் தெருவில் சாலை போடப்போகும் ஒப்பந்ததாரரின் பணமாக இருக்கவும் கூடும். அந்தச் சாலை முதல் மழைக்கே பெயர்ந்தால் அப்போது நீங்கள் வாய் திறக்க முடியாது.

வாங்கத்தான் வேண்டும் என்றால், மற்ற எல்லாரிடமும் வாங்குவதுபோல ரசீது கொடுத்து, அவர் வீட்டுக் கதவு எண்ணோடு, ஒரு குடியிருப்பாளரின் அளவான தொகையாக வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கை விழா முடிந்த பத்து நாளில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து விழாவுக்குச் செலவிடச் சொல்லிக் கேட்பது தவறு. அது வார்டின் பணிகளுக்கான பொதுப் பணம்.

9. மருத்துவ முகாம், ரத்ததான முகாம், தூய்மைப் பணி போன்றவற்றில் அவரால் உண்மையில் என்ன உதவி?

நிறைய உண்டு, மேடைக்கு வெளியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூய்மைப் பணிக்கு நாற்பது பேர் திரண்டோம். புதுத் துடைப்பங்களோடு புகைப்படம் எடுத்தார்கள், விருந்தினர் பத்து நிமிடத்தில் கிளம்பினார். நாங்கள் மதியம் வரை அள்ளி மூட்டை கட்டிய குப்பை மூன்று நாள் சாலையோரத்திலேயே கிடந்து, மாடுகள் கிழித்து, மறுபடியும் தெருவெங்கும் பரவியது. அடுத்த முறை, ‘நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, காலை 11 மணிக்கு லாரி வர வேண்டும்’ என்று முன்கூட்டியே கேட்டோம். லாரி வந்தது. அதோடு அவரும் வந்தார்.

மருத்துவ முகாமில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரையும் செவிலியரையும் வரவழைக்க அவருடைய ஒரு தொலைபேசி அழைப்பு உதவும். டெங்கு காலத்தில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களைக் காலி மனைகளுக்கும் மொட்டை மாடிகளுக்கும் அழைத்துப் போகவும் அவர் துணை வேண்டியிருக்கும், ஏனென்றால் பூட்டிய வீட்டுக்காரர்களிடம் பேச அவரால்தான் முடிகிறது. ரத்ததான முகாமை உரிமம் பெற்ற ரத்த வங்கி மட்டுமே நடத்தலாம். கொடையாளருக்கு வயது 18 முதல் 65 வரையும், எடை குறைந்தது 45 கிலோவும் இருக்க வேண்டும். தலைவர் பிறந்தநாளுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், இந்த அளவுகளை ஒரு பலகையில் எழுதி வாசலில் வைத்துவிடுங்கள்.

10. பகுதி சபா என்கிறார்களே, அதுவும் ஒரு விழாவா?

அது விழா இல்லை, உங்கள் உரிமை. கிராம சபை போன்ற ஓர் அமைப்பு நகரத்துக்கும் வேண்டும் என்று, 2022-இல் வகுத்த விதிகளின்படி வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் தமிழ்நாட்டில் ஏற்படுத்தப்பட்டன. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் பகுதி சபாவில் போய் உட்காரலாம், பேசலாம்.

ஆண்டு முழுவதும் விழாக்களில் அவர் கையில் திணிக்கிற மனுக்களைவிட, இங்கே பதிவேட்டில் ஏறுகிற ஒரு வரிக்கு எடை அதிகம். நாற்காலி எண்ணிக்கையைவிட பதிவேட்டைக் கவனியுங்கள். நீங்கள் சொன்னது எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள். கூட்டமே நடக்கவில்லை என்றால், அதைக் கேட்டு மண்டல அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

11. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பூங்காவைச் சீரமைக்க நாங்களும் பணம் போட்டோம். ஆனால் கல்வெட்டில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது. கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். 1997-இல் தொடங்கி 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற இந்தத் திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. உங்கள் பங்கு உள்ளாட்சியின் கணக்கில் ஏறியிருக்கிறது, ரசீதும் உங்களிடம் இருக்கும். பணி ஆணை கிடைத்த அன்றே, கல்வெட்டின் வாசகத்தை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கல் வெட்டப்பட்ட பிறகு திருத்துவது கடினம், மனத்தாங்கலும் மிச்சம்.

எங்கள் பூங்காவில் ‘குடியிருப்போரின் பங்களிப்புடன்’ என்ற இரண்டு சொற்களுக்காக நான்கு மாதம் நடந்தோம். கடைசியில் கல்லின் அடியில் சின்ன எழுத்தில் சேர்த்தார்கள். கல்லைவிட அருகில் ஒரு தகரப் பலகையில் மதிப்பீடு, ஒப்பந்தத் தொகை, முடித்த தேதி ஆகியவற்றை எழுதி வைத்ததே பிற்பாடு பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

12. கோரிக்கைக்காகப் போராட்டம் நடத்தப் போகிறோம். கவுன்சிலரே தலைமை தாங்குவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. அவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் என்றால், கோரிக்கை ஒரே நாளில் கட்சிப் போராட்டமாகிவிடும், ஆளும் தரப்பை ஆதரிக்கும் குடும்பங்கள் வீட்டுக்குள் போய்விடும். அவர் ஆளும் கட்சி என்றால், பேச்சுவார்த்தை எப்போது முடிய வேண்டும் என்பதைத் தெருவுக்குப் பதிலாகக் கட்சி தீர்மானிக்கும். எங்கள் பக்கம் குப்பைக் கிடங்கு எதிர்ப்பில், அதிகாரி ஒருவர் ‘பார்க்கிறோம்’ என்று சொன்னவுடன் தலைவர் எழுந்து பழரசம் குடித்துவிட்டார். மற்றவர்கள் தார்ச்சாலையில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைமையைச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும். அவரிடம், 1-ஆம் பதிலில் சொன்ன அவருடைய இடத்தில் அந்தக் கோரிக்கையைப் பேசச் சொல்லுங்கள். மன்றக் கூட்டத்தில் எழுப்பிய கேள்வி குறிப்பில் ஏறுகிறது, அதற்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். பந்தலில் நூறு பேரில் ஒருவராக உட்கார யாராலும் முடியும், மன்றத்தில் பேச உங்கள் வார்டில் அவர் ஒருவரால் மட்டுமே முடியும்.

13. தேர்தல் அறிவித்துவிட்டார்கள். ஏற்கெனவே அழைத்துவிட்டோம். என்ன செய்வது?

தேர்தல் அறிவிக்கப்பட்ட நிமிடம் முதல் நடத்தை விதிகள் அமலுக்கு வருகின்றன. பொதுப் பணத்தில் புதிய பணியை அறிவிப்பது, அடிக்கல் நாட்டுவது, திறந்து வைப்பது ஆகியவை கூடாது. ஏற்கெனவே தொடங்கிய பணி தொடரலாம். உங்கள் சங்க ஆண்டுவிழாவுக்கு அவர் பார்வையாளராக வருவதில் தடையில்லை என்றாலும், மேடையில் வாக்குக் கேட்டாலோ புடவையோ பாத்திரமோ வழங்கினாலோ, அது வேட்பாளரின் செலவுக் கணக்குக்கும் லஞ்சப் புகாருக்கும் போய்விடும். கோயில் மண்டபத்தில் நடத்துவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வழிபாட்டிடத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு மாதம் தள்ளிவைப்பதே நிம்மதி.

பொருளாளருக்கு ஒரு வார்த்தை. இந்தக் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தை ஆவணமின்றி எடுத்துச் சென்றால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். பந்தல்காரருக்கு வங்கி வழியாகவே கொடுங்கள்.

14. நாங்கள் கிராம ஊராட்சியில் இருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால், 4-ஆம் கேள்வியின் தலைவலி சற்றுக் குறைவு. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் கோரிக்கைக் கடிதம் போக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலகம்.

15. மேடையில் எல்லார் முன்னிலும் ‘ஒரு மாதத்தில் வடிகால் வரும்’ என்றார். ஓராண்டு ஆகிவிட்டது. இனி என்ன செய்வது?

மறுநாளே செய்திருக்க வேண்டியதை இன்றாவது செய்யுங்கள். ‘இன்ன தேதியில் எங்கள் நிகழ்ச்சியில் தாங்கள் தெரிவித்தபடி’ என்று தொடங்கி நன்றிக் கடிதம் ஒன்று எழுதுங்கள். நகலை மண்டல அலுவலருக்கும் உதவிப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். நன்றிக் கடிதத்தை யாரும் தட்டிக்கழிப்பதில்லை. கூடவே சென்னையில் 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

அதற்கும் அசைவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் மழுப்பலான பதிலே வரும். அந்த வடிகாலுக்கு மதிப்பீடு தயாரானதா, எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்கு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா என்று ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் தெரு வடிகாலுக்கு வந்த பதில் ஒரே பக்கம்தான், மதிப்பீடே தயாரிக்கப்படவில்லை என்று. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நான்கு பேர் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம். இரண்டு முறை படித்தார், சட்டை மாற்றிக்கொண்டு வந்தார், எங்களோடு மண்டல அலுவலகத்துக்கு வண்டியில் ஏறினார்.